பக்கத்தில் நின்றவர்

வயிரவன் அண்ணனுக்கு நாற்பத்தேழு,
என்னைவிடப் பதினாறு மூத்தவர்.
காரைக்குடி–பள்ளத்தூர் மினி பஸ்ஸில் கண்டக்டர்.
தாலுகா கபடிக் கழகம் என்னிடம் விட்ட மூன்று பேரில்
ரிஸ்வான் விதிப்புத்தகத்தை ஒப்பிப்பான்,
களத்தில் இறங்கினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.
சகாயராணி நன்றாகப் பார்ப்பாள்,
பார்த்ததைச் சொல்ல யோசிப்பாள்.
சொந்த விசிலோடு வந்தவர் அண்ணன் மட்டும்.

அதுதான் தொல்லை.
முதல் ஞாயிறு முழுக்க
எதற்கெடுத்தாலும் இரண்டு விசில்.
கோட்டையூர்ப் பையன்கள் ‘போலாம் ரைட்’ என்று கத்தினார்கள்.
“அண்ணே, ரெண்டு விசிலுக்கு இங்கே எதுவும் கிளம்பாது.
ஒன்று. அதோடு எல்லாம் நின்றுவிட வேண்டும்.”
“நிப்பாட்டத்தான் மேடம் வரமாட்டேங்குது.
இருபது வருஷமா கிளப்பிவிட்டே பழக்கம்.”

ஜெராக்ஸ் கடை மாடியில் நாற்காலிகளை ஒதுக்கி
சாக்பீஸால் கோடு போட்டேன்.
பாடிப் போகிறவன் யாரையும் தொடாதவரை
ஓரத்து லாபி அவனுக்கு நெருப்பு.
தொட்டுவிட்டால் அதுவும் களம்.
தொட்டது முன்னா, கால் முன்னா,
கேள்வி அவ்வளவுதான்.

“அரை டிக்கெட் மாதிரியா?” என்றார்.
“அம்மாக்காரி அஞ்சு முடியலைம்பா,
பிள்ளை ஆறு விரல் காட்டும்.
யார் முகத்தையும் பார்க்கக் கூடாது மேடம்.
தலை கோட்டைத் தாண்டுதா, அதை மட்டும் பார்க்கணும்.”
குறித்துவைத்துக்கொண்டேன்.
மறுவாரம் மற்ற இருவருக்கும் சொன்னேன்,
என் சொந்தச் சரக்குபோல.

புதுவயலில் அரையிறுதி.
அரிசி ஆலைக்குப் பின்னால் தவிடு மிதக்கும் வெளிச்சம்.
செம்மண்ணில் இழுத்த சுண்ணாம்பு
இரண்டாம் பாதிக்குள் பாதி கலைந்திருந்தது.
பள்ளத்தூர் இருபத்தாறு. கண்டனூர் இருபத்தாறு.
கடைசிப் பாட்டு பள்ளத்தூருக்கு.
பையன் வலப்பக்கம் சாய்ந்தான்.
மூலைக்காரன் எழும்பினான்.
அதற்குமேல் நான் பார்க்கவில்லை.

ஒரு விசில்.

ஒன்றே ஒன்று.
நிமிர்ந்தபோது அண்ணன் கை உயர்ந்திருந்தது:
கால் முன். அவுட்.

பள்ளத்தூர்ப் பக்கம் மொத்தமாக எழுந்தது.
டிக்கெட் கிழிக்கிறவனுக்குக் கபடி என்ன தெரியும் என்றது.
நாளைக்கு எங்க ஊருக்குத்தானே வண்டி வரணும் என்றது.
அவர் கண் என்னைத் தேடியிருக்கும்.
நான் மறுபடி குனிந்து
ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன்,
கட்டியிருந்ததை அவிழ்த்து.

தேவகோட்டையில் என் முதல் ஆட்டத்தில்
என்னைப் பழக்கியவர் வெளியே நின்று தலையசைத்தார்.
ஒரே ஒரு தரம்.
அதன்பிறகு பதினாலு பேரும்
என் விசிலை விட்டுவிட்டு
அவர் தலையைப் பார்த்தே ஆடினார்கள்.

கடைசி பஸ்ஸில் கேட்டார்,
“சரியாத்தானே மேடம்?”
“நான் பார்க்கலை அண்ணே.”
கோட்டையூர் தாண்டும்வரை பேச்சில்லை.
பிறகு, “பெரிய ஆளு நீங்க” என்றார்.
பாராட்டா வசவா, இன்றுவரை பிடிபடவில்லை.

மடியில் மதிப்பீட்டுத் தாள்.
உடை எட்டு. சைகை ஆறு. நிற்குமிடம் ஒன்பது.
முக்கிய முடிவு: சரி, தவறு, ஒன்றை வட்டமிடுக.
செயலாளர் அனுப்பிய செல்போன் படத்தில்
சரியாக அந்த நொடியை
யாரோ ஒருவரின் தோள் மறைக்கிறது.
வட்டமிடவில்லை.
ஓரத்தில் எழுதினேன்:
பக்கத்தில் நின்றவர் அவர்.

திங்கள் காலை ஏழு பத்து வண்டியில்
அந்தப் பையனே ஏறினானாம், முழங்கையில் பிளாஸ்திரி.
நூறு ரூபாயை நீட்டினானாம்.
மிச்சத்தை எண்ணிக் கொடுத்தாராம் அண்ணன்.
அவன் படியிலேயே நின்று
இரண்டு முறை எண்ணிப் பார்த்தானாம்.

சரியாக இருந்ததா என்று
நான் கேட்டுக்கொள்ளவில்லை.